இறம்பொடை வளைவில் ஏழு பெயர்கள்

சனிக்கிழமை காலை எட்டரைக்கு நுவரெலியாவில் கண்டி பஸ் ஏறினேன். இறம்பொடை அங்கிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், முழுக்க இறக்கமும் வளைவும்தான். மடியில் என் மரக் கேமரா இருந்தது. நான்கு அங்குலத்துக்கு ஐந்து அங்குலத் தகடு போன்ற பிலிமில் படம் எடுக்கும் பெட்டி. இந்த வகைக் கேமரா ஒரு காலத்தில் பணக்காரர் வீட்டுப் பொருள். இப்போது மெல்லிய ஒட்டுப்பலகையில் செய்து, ஒரு சுமாரான கைபேசியின் விலைக்கே விற்கிறார்கள். எடை ஒன்றரைக் கிலோதான்.

தோட்டத்துப் பெண்களைப் படம் எடுக்க என்னை அழைத்திருந்த வசந்தா இறம்பொடை பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தாள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்க்கிறாள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது.

"அக்கா, லயத்துக்கு அப்புறம் போவோம். மொதல்ல ஒண்ணு காட்டுறேன்" என்றாள்.

பழைய வெள்ளைக்காரத் துரை பங்களாவை இப்போது ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். வரவேற்பறைச் சுவரில் ஆள் உயரப் படம் ஒன்று. என்னுடையதைப் போன்ற, ஆனால் பல மடங்கு கனமான மரப்பெட்டியில் எடுத்திருப்பார்கள். அந்தப் பெட்டியை மலையேற்றியவர்களும் கூலி ஆட்களாகத்தான் இருந்திருப்பார்கள். குதிரையில் துரை, கீழே நாய், பின்னால் கூடையோடு வரிசையாகப் பெண்கள். சேலை மடிப்புகூட எண்ணக்கூடிய துல்லியம். கீழே பித்தளைப் பட்டையில் ஆங்கிலத்தில் துரையின் பெயர், குதிரையின் பெயர், நாயின் பெயர். கடைசியில் "மற்றும் கூலிகள்".

 மேலாளரைக் கூப்பிட்டு, இந்தப் பெண்களுக்குப் பெயர் இல்லையா என்று கேட்டேன். "பழைய படம் மேடம். அவங்க பேர் யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தார். குறைந்தது 'கூலிகள்' என்ற சொல்லையாவது எடுக்கலாமே என்றேன். "வெளிநாட்டுக்காரங்களுக்கு அந்தப் பழமைதான் பிடிக்குது" என்றவர், என் கேமராவைப் பார்த்துவிட்டுக் குரலைக் குழைத்தார். "நீங்களே இதே மாதிரி ஒண்ணு எடுத்துக் கொடுங்களேன். கூடையோட பத்துப் பொம்பளைங்கள நிறுத்தித் தர்றேன்."

கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அங்கேயே நின்றிருந்தால் என் வாயில் நல்ல சொல் வந்திருக்காது.

ஞாயிறு காலை பத்து மணி. லயத்து வரிசை வீடுகளின் முன்னால், வசந்தா சொல்லிவைத்த ஏழு பெண்கள் தயாராக நின்றார்கள். ஒருவரிடமும் கூடை இல்லை. கோயிலுக்குக் கட்டும் சேலை, தலையில் கனகாம்பரம். அவர்களில் மூத்தவர் புஷ்பம் அக்கா. "தெனமும் ஆயிரம் பேரு போட்டோ புடிக்கிறான். ஒருத்தனும் ஒரு படம் கொண்டாந்து குடுத்ததில்ல. இது எங்களுக்கு வேணும் மிஸ்" என்றார்.

முக்காலியை விரித்ததுமே தோட்டத்துக் காவல்காரரான வாச்சர் வந்துவிட்டார். தோட்டத்துக்குள்ளே பெரிய கேமரா வைக்க ஆபீஸ் அனுமதி வேண்டுமாம். சற்றுத் தள்ளித் தேயிலைக்குள் நின்று இரண்டு சுற்றுலாப் பயணிகள் கைபேசியில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "அவங்களுக்கு?" என்றேன்.

"அவங்க கெஸ்ட்டு."

"இவங்க இங்கேயே பொறந்தவங்க!" குரல் என்னை மீறி உயர்ந்தது.  வாச்சர் வீடும் அதே லயத்தில்தான்.

புஷ்பம் அக்கா என் கையைத் தொட்டார். "ஏன் மிஸ் தொண்டத்தண்ணிய வத்த வைக்கிறீங்க? ரோடு கவர்மெண்ட்டுது. வாங்கடி!"

பிரதான வீதியின் வளைவில், ஓரத்து மதிலை ஒட்டி நின்றார்கள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு கேமராவின் பின்பக்க மங்கிய கண்ணாடியில் காட்சியைச் சரிசெய்தேன். புஷ்பம் அக்காவும் பார்க்க ஆசைப்பட்டார். "அட, எல்லாரும் தலைகீழா நிக்கிறாளுக!" இந்தப் பெட்டிக்குள் உருவம் கவிழ்ந்துதான் விழும்.

"நம்ம பொழப்பு அப்படித்தானே" என்றாள் வசந்தா. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

மூட்டம் போட்ட வெளிச்சம். படம் பதிய ஒரு முழு விநாடி யாரும் அசையக் கூடாது. அந்த நேரம் பார்த்துக் கண்டி பஸ் வந்தது. நான் கையைக் காட்ட, ஓட்டுநர் நிறுத்தி இன்ஜினையும் அணைத்தார். பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. படம் எடுத்து முடித்ததும் படத்துக்குக் கீழே போட ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு எழுதினேன். "இனிஷியலும் போடுங்க. இந்தத் தோட்டத்துல நாலு புஷ்பம் இருக்கோம்" என்றார் அக்கா.

திங்கள் காலை ஊருக்குப் பஸ் ஏறினேன். கொழும்பை அடுத்த வத்தளையில் என் வீட்டுத் தெருவில் அந்நியர் ஒருவர் கேமராவோடு நின்றால், பத்து நிமிடத்தில் அக்கம்பக்கம் கூடி விசாரிக்கும். இங்கே மலைச்சரிவு முழுக்கப் பெண்கள் கூடையோடு நிற்க, பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்காரர் கேட்பாரின்றிப் படம் எடுக்கக் கைபேசியை உயர்த்தினார். சரிவில் நின்றவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்:

"புஷ்பம் அக்கா!"

அவர் நிமிர்ந்து கையசைத்தார். பக்கத்து இருக்கையில் கைபேசி மெல்லக் கீழே இறங்கியது.