ஆறாவது மாடிக்கு நூறு சதவீதம்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட இது எனக்கு மரியாதை. வாழ்நாளெல்லாம் அடுத்தவருடைய வருமான வரியைக் கணக்குப் போட்டுச் சாப்பிட்டவன் நான். அப்படிப்பட்டவன் ஓர் ஆறு மாடிக் கட்டடத்துக்கு நியாயமான வரி போடப் போய், மொத்தப் பாரத்தையும் அந்தக் கட்டடத்திலேயே வருமானம் குறைந்த பெண்ணின் தலையில் இறக்கிவைத்தேன். அதுவும் எக்செலில், கலர் அடித்து, பிரிண்ட் எடுத்து, கீழே கையெழுத்தும் போட்டு.

கணக்கு வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

1. டெக்லனின் நாய்

பர்மாவில், பசுந்தாங் பகுதியில் ஓர் அக்கவுண்ட்ஸ் ஆபீசில் கடைக்காரர்களுக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றேன். ஓய்வு எனக்குப் பிடிக்கவில்லை. நான் வீட்டில் இருப்பது என் மனைவிக்கு அதைவிடப் பிடிக்கவில்லை. ஆகவே இப்போது டப்ளினில் உள்ள ஒரு சின்னக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பேரோல், அதாவது சம்பளக் கணக்கு, பார்க்கிறேன். அவர்களுக்குக் காலைக் காபி நேரம், எனக்கு மதியத் தூக்கம் கலையும் நேரம்.

முதலாளி பெயர் டெக்லன். நல்ல மனிதர். எதைப் பேச ஆரம்பித்தாலும் வரியில் வந்து நிற்பார். அவர் ஆங்கிலத்தில் பொழிவதை என் தமிழில் தருகிறேன்.

"சம்பளக்காரனுக்குக் கையில் வருவதற்கு முன்பே பிடித்துவிடுகிறார்கள். என் அப்பா காலத்திலேயே இதற்காக டப்ளின் தெருவில் ஊர்வலம் போனார்கள். சம்பளம் வாங்குகிறவன் மட்டும்தான் இளிச்சவாயனா, பண்ணைக்காரனும் வியாபாரியும் எங்கே என்று கேட்டார்கள். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். வாடகை வருமானத்துக்குச் சலுகை கொடுக்கலாமா என்று பார்லிமென்டில் பேசுவார்கள். பேசுகிறவர்களின் பாக்கெட்டைத் தடவிப் பார், வாடகை வீட்டுச் சாவி இருக்கும். அவர்களுடைய பயணப்படிக்கு வரி கிடையாது. அப்படிச் சட்டம் போட்டது யார்? அவர்களேதான்!"

"அநியாயம் சார்" என்பேன் நான்.

மூச்சு விடாமல் அடுத்த வேலைக்குப் போவார். "சரி, இந்த நாய்த் தீனி பில்லை செக்யூரிட்டி செலவில் போட்டுவிடு."

"நாய் ஆபீசிலா சார் இருக்கிறது?"

"என் வீட்டில். ஆனால் என்னைப் பாதுகாக்கிறது. கம்பெனி என்றால் நான்தானே?"

நான் அந்த பில்லைப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு தனியாகப் போட்டுவைத்தேன். முதுகெலும்பும் வேண்டும், வாடிக்கையாளரும் வேண்டும்.

2. பாயின் ஃப்ரீசரும் மகேசின் ஃபேனும்

எங்கள் கட்டடத்தில் மாடிக்கு ஒரு வீடு. லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். மேலே மணி, கீழே கிளிப். காய்கறியோ கடிதமோ கிளிப்பில் மாட்டிக் கயிற்றை இழுத்தால் போதும், மாடிக்காரர் மேலே தூக்கிக்கொள்வார்.

மீ, அதாவது ஊர்க் கரண்டு, நாளில் பாதி இருக்காது. ஆகவே பின் சந்தில் ஒரு ஜெனரேட்டர் வைத்திருக்கிறோம். அதை ஓட்டும் டூட்டி மாதம் ஒரு வீட்டுக்கு. டீசல் செலவு கோயிலின் தலைக்கட்டு வரி மாதிரி, வீட்டுக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் ஒரே தொகை. டீசல் விலை ஏறியபோது ஆறாவது மாடி மகேஸ்வரி இறங்கி வந்தாள். கார்மென்ட் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறாள். வீடு அம்மா விட்டுப் போனது. சாயங்காலம் வீட்டில் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பாள். அந்தக் கூலியில்தான் மகளின் ட்யூஷன் ஓடியது.

"அண்ணே, கீழ காசிம் பாய் ஃபலூடாக் கடையில ரெண்டு ஃப்ரீசர் ஓடுது. எனக்கு ஒரு ஃபேன், ஒரு மெஷின். ரெண்டு பேருக்கும் ஒரே துட்டா? இப்படியே ஏறுனா நான் லைனை வெட்டிட்டு, தையலையும் விட்டுட வேண்டியதுதான்."

எனக்குள் இருந்த டெக்லன் எழுந்து நின்றுவிட்டார்.

"மகேசு, கவலைப்படாத. வருமானத்துக்கு ஏத்த வரி! கூட சம்பாதிக்கிறவங்க கூடக் கட்டணும். நான் போட்டுத் தரேன் பாரு."

"செஞ்சா சரிண்ணே" என்று மேலே ஏறிப் போனாள். அவள் முகத்தில் தெரிந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

3. கமிட்டி கூடியது

கட்டடக் கமிட்டியில் மூன்று பேர். மூன்றாவது மாடியில் என் வீட்டு ஃபேனுக்குக் கீழே, என் மனைவி போட்ட டீயோடு கூடினார்கள். நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

தலைவர் ஊ கந்தசாமிக்கு முதல் மாடி சொந்தம் (பர்மியில் 'ஊ' என்றால் ஐயா, 'டோ' என்றால் அம்மா). நாலாவது, ஐந்தாவது மாடிகளும் அவருடையவைதான், வாடகைக்கு விட்டிருக்கிறார்.

"நியாயமான திட்டம் சொக்கலிங்கம். ஆனா வாடகையை என் வருமானத்துல சேக்கக் கூடாது. அது கட்டடம் சம்பாதிக்கிறது. நானா சம்பாதிக்கிறேன்?"

"அப்ப குடி இருக்கிறவங்க பங்கு, தலைவரே?"

"அது வாடகையிலயே அடக்கம்யா."

அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தேன். மூன்று மாடி போயிற்று.

காசிம் பாய் பெருமூச்சு விட்டார். "நம்ம கடை நஷ்டத்துலதான் ஓடுது தம்பி. மழை பேஞ்சா ஃபலூடா யாரு குடிப்பா? நஷ்டத்துக்கு வரி போடுறது மார்க்கத்துலயே கிடையாது."

"மழை இல்லாத மாசம், பாய்?"

"அப்ப மழை வருமோன்னு கவலை. கவலையும் நஷ்டந்தானே?"

இரண்டாவது மாடி டோ சான் யீயின் மகன் ஜப்பானில் இருக்கிறான். மாதாமாதம் பணம் அனுப்புவான். அந்த அம்மா பர்மியில் சொன்னார்: "என் மகன் அனுப்புறது பாசம். பாசத்துக்கு வரி போடுவீங்களா, ஊ சொக்கலிங்கம்?"

போட முடியுமா? அதையும் விலக்கினேன். ஆனால் 'பாசம்' என்ற சொல் சட்ட மொழிக்குப் பொருந்தாது என்று அவர்களுக்கு விளக்கி, 'வெளிநாட்டிலிருந்து வரும் எந்தத் தொகையும் வருமானம் ஆகாது' என்று பொதுவாக எழுதினேன். என் சம்பளம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைசியாகத் தலைவர் ஒரு விதி சேர்க்கச் சொன்னார். ஏழாவது விதி: 'பணம் கட்டாத வீட்டுக்கு லைன் கிடையாது.'

"மேல இருக்கிறவங்க இழுத்தடிப்பாங்க, அதுக்காகத்தான்" என்றார். மேலே பணம் கட்ட மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

எக்செல் கொஞ்சமும் தயங்காமல் பங்கு பிரித்தது. மொத்தம் டேலி ஆயிற்று. டேலி ஆகிவிட்டால் கணக்கனுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். பிரிண்ட் எடுத்து, கீழே படியோரச் சுவரில், ஜெனரேட்டர் லைன் வீடுவீடாகப் பிரியும் பிரேக்கர் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

மறுநாள் சாயங்காலம் மகேஸ்வரி ஃபேக்டரி அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே என் வாசலில் நின்றாள்.

"அண்ணே, எனக்கு நேரா நூறுன்னு போட்டிருக்கே. அது என்ன?"

"சதவீதம்மா." சொன்ன பிறகுதான் எனக்கே அது காதில் விழுந்தது.

"மத்தவங்களுக்கு?"

"அவங்களுக்கெல்லாம்... விலக்கு. வருமானம்னு பாத்தா சம்பளச் சீட்டு உன்கிட்ட மட்டுந்தான் இருக்கு. கமிட்டி முடிவு. அடுத்த கூட்டத்துல பேசலாம்."

"ஏழாவது விதியும் கமிட்டி முடிவா?"

"ஆமா."

"சரிண்ணே."

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

4. பௌர்ணமி லீவு

அடுத்த பௌர்ணமிக்கு எங்கள் ஊரில் விடுமுறை. ஃபேக்டரியும் லீவு. டப்ளினுக்கு மட்டும் லீவு கிடையாது, அன்று அங்கே சம்பள நாள். டெக்லனோடு வீடியோ காலில் பேங்க் ஃபைலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த அரசியல்வாதிகள் இருக்கிறார்களே..." என்று அவர் வாய் திறந்ததும் மீ போய்விட்டது.

பின் சந்தில் ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. ஃபேன் மட்டும் சுற்றவில்லை. என் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ரொம்ப நாளாக ஷோகேஸ் பொருள். கீழே ஓடினேன்.

போர்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்டூல் போட்டு மகேஸ்வரி உட்கார்ந்து ரவிக்கைக்கு ஹூக் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த மாதம் ஜெனரேட்டர் டூட்டி அவளுக்கு. தையல் கூலியில் ஒரு கேன் டீசல் வாங்கி ஊற்றியிருந்தாள். ஆறாவது மாடி பிரேக்கர் மேலே இருந்தது. மற்றதெல்லாம் கீழே.

"மகேசு, ஜெனரேட்டர் ஓடுது, என் ஃப்ரீசர் ஓடலையேம்மா!" காசிம் பாய் கையில் உருகின ஐஸ்கிரீம் டப்பா.

"நீங்க பணம் கட்டலையே பாய்."

"எனக்குத்தான் விலக்கு இருக்கே!"

"இருக்கு பாய். அதான் நீங்க கட்டல. கட்டாத வீட்டுக்கு லைன் கிடையாது. ஏழாவது விதி, நேரா உங்க தலைக்கு மேல ஒட்டியிருக்கு."

அந்த நேரம் பார்த்து ஊ கந்தசாமி லுங்கியோடு இறங்கி வந்தார். தலை முழுக்க சோப்பு நுரை. அவர் வீட்டுத் தண்ணீர் பம்ப் நின்றுபோயிருந்தது.

"யாரு கரண்ட நிறுத்துனது? அந்த விதி எங்களுக்கு இல்ல, உன்னை மாதிரி..." பாதியில் நிறுத்திவிட்டார்.

"என்னை மாதிரி?" மகேஸ்வரி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

பாயின் டப்பாவிலிருந்து ஐஸ்கிரீம் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் மெதுவாக ஆரம்பித்தேன். "மகேசு, டப்ளின்ல எத்தனையோ பேர் சம்பளத்துக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க..."

"டப்ளின்லேருந்து உங்களுக்கு மாசாமாசம் வருதே, அது என்னண்ணே? அதுவும் பாசமா?"

டோ சான் யீக்குத் தமிழ் பேச வராதே தவிர நன்றாகப் புரியும். சடாரென்று என் பக்கம் திரும்பினார். நான் செருப்பைப் பார்த்தேன்.

"வருமானந்தான்" என்றேன்.

"எழுதிக் கொடுங்க."

சுவரில் ஒட்டிய அந்தத் தாளிலேயே என் விலக்கை அடித்துக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது மாடி பிரேக்கர் டக்கென்று மேலே ஏறியது. காசிம் பாய் பேனாவைப் பிடுங்கினார். "லாபந்தான்மா, லாபந்தான்! மழை வந்தாலும் லாபந்தான், போடு சுவிட்ச்ச!" டோ சான் யீ, மகனிடம் சொல்லிக்கொள்வதாகச் சொல்லிக் கையெழுத்திட்டார்.

தலைவர் மட்டும் அசையவில்லை. நுரை கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "வாடகைங்கிறது கட்டடம் சம்பாதிக்கிறதும்மா..."

"அப்ப அந்தக் கட்டடத்தையே வந்து உங்களுக்குத் தலை அலசி விடச் சொல்லுங்க மாமா."

ஒற்றைக் கண்ணைத் திறந்து கையெழுத்துப் போட்டார். கையெழுத்திலும் நுரை.

மேலே ஓடி டெக்லனைப் பிடித்து பேங்க் ஃபைலை அனுப்பினேன். தாமதத்துக்குக் காரணம் கேட்டார். முழுக்கதையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தப் பெண்ணை எங்கள் பார்லிமென்டுக்கு அனுப்ப முடியுமா?"

"அனுப்பலாம் சார். ஆனால் முதலில் உங்கள் நாயைத்தான் விசாரிப்பாள்."

சாயங்காலம் டெக்லனிடமிருந்து ஒரு மெயில் வந்தது: "நாய் பில்லை என் சொந்தக் கணக்கில் போடு."

5. தம்பி தங்கைகளுக்கு

புதிய பட்டியலில் வாடகை, ஃபலூடா, ஜப்பான், டப்ளின் எல்லாம் ஏறின. கந்தசாமிக்குப் பெரிய பங்கு, எனக்கு அடுத்தது, மகேஸ்வரிக்கு ஆகக் குறைவு. ட்யூஷன் நிற்கவில்லை. வசூலும் இப்போது அவள் கையில்தான். மாதம் பிறந்தால் நாங்கள் எல்லோரும் தெருவில் நின்று, ஆறாவது மாடிக் கயிற்றின் கிளிப்பில் பணத்தை மாட்டி மணி அடிக்க வேண்டும்.

தொழிலில் நான் கற்றது இது. வரித் திட்டம் எழுத உட்கார்ந்தால் முதல் வரிசையில் உங்கள் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் தொகையையும் எழுதுங்கள். அதன் பிறகு அயர்லாந்து அரசியல்வாதியைத் திட்டலாம். குரலில் ஒரு சுத்தம் இருக்கும்.

இப்படிப் பெரிதாகக் கற்றுக்கொண்ட நான், போன மாதம் உறையைக் கிளிப்பில் மாட்டி மணியை அடித்துவிட்டு, தெருவில் நின்று அண்ணாந்து கத்தினேன்.

"மகேசு! மாசாமாசம் இந்தக் கணக்கெல்லாம் ஓசியில போட்டுத் தரேனே, எனக்கு மட்டும் ஒரு சின்னத் தள்ளுபடி...?"

ஆறாவது மாடிக் கம்பிக்கு மேல் ஒரு தலை தெரிந்தது.

"ஃபேன் சுத்துதில்ல? கட்டுங்க."