பரீட்சைக்குப் போன என் கை

பிளாஸ்டிக் சர்ஜன் என்றால் மூக்கை அழகாக்குகிறவர் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், வெளிநாட்டில் நான் வெல்டராக இருக்கும் முசஃபா ஒர்க்‌ஷாப்பில் சூடான இரும்புத் தகடு என் வலது புறங்கையில் விழும் வரை. தொடையிலிருந்து தோல் எடுத்து அங்கே ஒட்டியவர் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன்தான்.

மறு வருடம் அவரே போன் செய்தார். டாக்டர்களுக்குப் பரீட்சை நடக்கிறது, அதற்கு உன் கை வேண்டும் என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கியதைச் சொல்கிறேன். முதலில் எல்லா டாக்டருக்கும் பொதுவான படிப்பு, ஐந்தரை வருடம். அப்புறம் ஆபரேஷன் படிப்பு. அப்புறம் பிளாஸ்டிக் சர்ஜரிக்கென்றே தனியாகச் சில வருடம். அதோடும் விடமாட்டார்கள். போர்டு என்று ஒரு குழு எழுத்துப் பரீட்சை வைக்கும். அதில் தேறினால் நிஜ நோயாளியைக் காட்டிக் கேள்வி கேட்கும். வெல்டர்களுக்கும் டெஸ்ட் உண்டு. ஆனால் எங்கள் டெஸ்டில் நாங்கள் பற்றவைக்கும் பைப் பொய் சொல்லாது.

பரீட்சை அன்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லி என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வெளியே ஒரு பெண் டாக்டர் போனில் தன் அம்மாவிடம் தமிழில் பேசுவது கேட்டது. இது இரண்டாம் தடவையாம். இதிலும் தேறாவிட்டால் இன்னும் ஒரு வருடம் இன்னொருவருக்குக் கீழேதான் நிற்க வேண்டுமாம்.

என்னிடம் வந்ததும் அவர்தான். தேர்வாளர்கள் இரண்டு பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"கையை மூடிக் காட்டுங்க அண்ணே."

அவருக்கு உதவ வேண்டும் என்று நினைத்தேன். தோல் ஒட்டியதிலிருந்து முழுசாக மடங்காத இரண்டு விரல்களையும் கட்டைவிரலால் அமுக்கி மறைத்துக் காட்டினேன். கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

"ஒரு பிரச்னையும் இல்ல மேடம்."

அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். தேர்வாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நன்றாக இருந்தால் அவருக்கு மார்க் வராது. என்னிடம் என்ன கோளாறு என்று கண்டுபிடித்தால்தான் மார்க். நானாகச் சொல்லவும் கூடாது. அறையில் ஏசி நன்றாக வேலை செய்தது, எனக்கு வேர்த்தது.

எழுந்து போகுமுன் அவர் கேட்டார்: "வேற எதுக்காவது கஷ்டப்படுறீங்களா?"

"சட்டைக்குப் பட்டன் போட முடியல மேடம். ரூம்ல இருக்கிறவர்தான் போட்டு விடுறார்."

அவர் மறுபடி உட்கார்ந்தார். "அப்ப ஏன் சொல்லல?"

"அன்ஃபிட்னு எழுதிட்டா விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடுவாங்க."

என் கட்டைவிரலை விலக்கிவிட்டு, விரல் விரலாகப் பார்த்தார். ஒட்டிய தோல் சுருங்கி இழுக்கிறது என்று தேர்வாளர்களிடம் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. அதற்குள் நேரம் முடிந்த மணி அடித்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஐந்து வாரம் கழித்து, சுருங்கிய தோலைச் சரிசெய்யும் ஆபரேஷனுக்காகப் போனேன். அறைக் கதவில் அந்தப் பெண் டாக்டரின் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன்: பிளாஸ்டிக் சர்ஜன். தேறிவிட்டார்.

உள்ளே போய்க் கையை நீட்டினேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு விரலையும் தானே மடக்கிப் பார்த்து முடித்துவிட்டு, "இப்ப சொல்லுங்க" என்றார்.