சாலிஹ் மாஸ்டரின் கணக்குக் கயிறு

சாலிஹ் எனக்கு மச்சான் முறை. என் வாப்பாவின் மூத்த ராத்தா பெற்ற பிள்ளைகளில் படித்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் தறியில் இருந்தார்கள், நானும் அப்படித்தான். ஐம்பத்து நான்காம் ஆண்டு, மருதமுனையில் கடலோரமாக இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. ஆனால் நிரந்தரமில்லை. இன்ஸ்பெக்டர் வந்து, படிப்பிப்பதைப் பார்த்துச் சரி என்றால்தான் நிரந்தரம்.

அந்தச் சரிக்காக ஊரில் ஒரு வீடும் காத்திருந்தது. முனாப் தன் மகள் சபூறாவைச் சாலிஹுக்குப் பேசியிருந்தார். பெண்ணுக்கு வீடு கட்டி மாப்பிள்ளையை அங்கே கூட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். முனாப் சுவரெழுப்பி ஓடும் போட்டுவிட்டார். பூச்சு மட்டும் பூசவில்லை.

“வேல நிரந்தரமானாப் பூசுவம். இல்லாட்டி, வாற மாப்பிள்ளைக்குப் புடிச்ச மாதிரிப் பூசுவம்” என்று சந்தியில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். சாலிஹ் தினமும் அந்தச் செங்கற்சுவரைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

தலைமை மாஸ்டர் ஷரிபுதீனுக்குத் தெரிந்தது ஒரே முறை. கையைக் கட்டு, வாயைத் திற, வாய்ப்பாட்டைச் சொல்லு. வராதவனுக்குப் பிரம்பு. சாலிஹும் முதலில் அப்படித்தான் செய்தார். பாதிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை.

ஒருநாள் கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வகுப்பில் ஊமையாக இருந்த பொடியன்கள், முன்னுக்கு நின்றவர் ஓரடி எடுத்துக் கொடுக்க, கயிற்றை இழுத்து மறு அடியைப் பிசகாமல் பாடினார்கள். மறுநாள் பழைய வலைக்கயிறு ஒன்று வகுப்புக்கு வந்தது. ஒரு நுனியை வாசல் தென்னையில் கட்டினார். அவர் “ஏழேழு” என்று ராகம் எடுப்பார். அவர்கள் இழுத்துக்கொண்டு “நாப்பத்தொம்பது” என்பார்கள்.

நெசவுக்காரர் பிள்ளைகளுக்கு அது சரிவரவில்லை. ஜவுபரின் மகள் றஹீமா கயிற்றில் தொங்கினாளே தவிர, கணக்குச் சொல்லவில்லை. அவளை வாங்குப் பலகையில் இருத்தி, தறி மிதிப்பதுபோல் காலை மாற்றி மாற்றி மிதிக்கச் சொன்னார். வாய்ப்பாடு வந்துவிட்டது. கடைக்கார றஸாக்கின் மகனுக்கு இரண்டும் வேண்டாம். புளியங்கொட்டையை அடுக்கிக் கொடுத்தால் போதும்.

ஷரிபுதீன் வாசலில் வந்து நின்றார். “சாலிஹ், இது பள்ளிக்கூடமா, கந்தூரிக் கொட்டிலா?”

“மூணு விதமான புள்ளைகள் மாஸ்டர். மூணு விதமாச் சொல்லிக் குடுக்கன்.”

“இன்ஸ்பெக்டர் ஒரே விதமானவர். அதையும் யோசிச்சுக்கங்க.”

இன்ஸ்பெக்டர் அழகரெத்தினம் மட்டக்களப்பிலிருந்து வெள்ளைக் கோட்டும் கறுப்புச் சப்பாத்துமாக வந்தார். வகுப்பு முழுவதையும் கைகட்டி நிற்கச் சொன்னார். வலைக்காரர் வீட்டுப் பொடியன் ஒருவனைத் தனியே முன்னால் அழைத்து, ஏழேழு எத்தனை என்று கேட்டார். கடற்கரையில் எவனும் தனியே நின்று பாடுவதில்லை. பொடியன் பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்தான்.

“அங்க என்ன பாக்கிறாய்?” என்றார் இன்ஸ்பெக்டர். பொடியன் வாய் திறக்கவேயில்லை.

அடுத்தது றஹீமா. ஆறெட்டு என்றதும் அவளுடைய கால் மிதிக்கத் தொடங்கியது.

“கால ஆட்டாம நில்லு.”

கால் நின்றது. கணக்கும் நின்றது.

ஷரிபுதீன் திருப்தியாக இருமினார். சாலிஹ் மூலையில் கிடந்த கயிற்றை எடுத்தார். “ஐயா, கயித்தக் குடுத்தாப் பொடியனுகள் சொல்லுவானுகள்” என்றார். ஆனால் வாசல் தென்னையில் காய்ந்த ஓலை தொங்குகிறது, பார்வைக்கு அழகில்லை என்று ஷரிபுதீன் முந்தின நாள்தான் அந்தத் தென்னையையே தறிப்பித்திருந்தார். சாலிஹ் சுற்றிலும் பார்த்தார். கட்ட ஒன்றும் இல்லை. பொடியன்களை வெளியே மணலில் நிறுத்திவிட்டு, கயிற்றின் ஒரு நுனியை இன்ஸ்பெக்டரின் கையில் கொடுத்தார்.

“கொஞ்சம் இறுக்கிப் புடிங்க ஐயா.”

ஏழாம் வாய்ப்பாடு முடியும்போது இன்ஸ்பெக்டர் வெளியே மணலில் நின்றார். சப்பாத்து ஒன்று வகுப்புக்குள் கிடந்தது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “நல்ல முறை. பள்ளிக்கூடம் முழுக்க இதையே செய்யுங்க.”

“ஐயா, எல்லாப் புள்ளைக்கும் இது ஒத்துவராது. அந்தப் பொம்புளப் புள்ளைக்குக் கால மிதிச்சாத்தான்...”

“மாஸ்டர், ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு முறைதான். மூண்டு முறை இருந்தா நான் மேல என்னெண்டு சொல்லுற? இத வச்சுத்தான் உங்கட வேலைக்குச் சிபாரிசு பண்ணப்போறன். ஓமா, இல்லையா?”

சாலிஹ் றஹீமாவைப் பார்த்தார். பிறகு, “ஓம் ஐயா” என்றார்.

வேலை நிரந்தரமானது. முனாப் வீட்டைப் பூசி, கேளாமலே நீலமும் அடித்தார். நிக்காஹ் நடந்தது. இந்த முறைக்குத் தாமே ஆதரவு தந்ததாக ஷரிபுதீன் ஊரெல்லாம் சொல்லி, எல்லா வகுப்புக்கும் கயிறு வாங்கினார். பிரம்பையும் எறியவில்லை, கயிறு இழுக்காதவர்களுக்கு அது.

ஜவுபர் ஒருநாள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். “மாஸ்டர், புள்ளைர கை முழுக்கக் கொப்புளம். ஆறெட்டுச் சொல்லத் தெரியா. முந்திச் சொன்னவதானே?”

“கால மிதிச்சுச் சொல்ல உத்தரவில்ல காக்கா.”

“உத்தரவ ஆரு போட்ட?”

“இன்ஸ்பெக்டர் கேட்ட. நான் ஓமெண்ட.”

ஜவுபர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்த் தறியில் இருத்திவிட்டார்.

சாலிஹின் பெயர் பரவியது. முறையைக் காட்டச் சொல்லி இறக்காமத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். கயிற்றைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். எல்லாம் வயல்காரர் பிள்ளைகள், கடலைக் கண்டதேயில்லை. முன்னுக்கு நின்ற ஒருவன் கயிற்றைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “மாஸ்டர், மாடு எங்க?” என்று கேட்டான்.

“மாடு இல்ல மகனெ. இழு” என்றார் சாலிஹ்.