எதிர்வீட்டுக்கு பிரிட்ஜ் வந்தது

எங்கள் வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. ஒரு பசுமாடு பால் கறந்தது. எதிர்வீட்டுக்கு பிரிட்ஜ் வந்த பிறகுதான் நாங்கள் ஏழைகள் என்பதே அம்மாவுக்குத் தெரிந்தது. மாவுச் சட்டியை வைக்கக் கொண்டுபோனவளிடம், "உள்ள எடமில்ல மைனி" என்று அந்த வீட்டு அத்தை சொல்லிவிட்டாள்.

அந்த வாரமே என்னைத் திருவனந்தபுரத்துக்கு ரயிலேற்றினார்கள். ஒன்பதாம் வகுப்போடு வாத்தியார்களுக்கு நிம்மதி கொடுத்தவன் நான்; வீட்டில் சும்மாதான் இருந்தேன். எனக்கு வேலை அமைந்தால் மாட்டை விற்றுவிட்டு அப்பாவும் வருவதாகப் பேச்சு. அப்பாவுக்கு மாட்டை விட மனமில்லை. உள்ளதை உள்ளபடி பார்த்துச் சொல் என்று என் காதில் மட்டும் சொன்னார்.

பிரிட்ஜ் அனுப்பிய எதிர்வீட்டு அத்தை மகன், எனக்கு அத்தான் முறை, விழிஞ்ஞம் துறைமுக வேலையில் சூப்பர்வைசர் என்று ஊரில் பெயர். ஆள் இருந்ததோ தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டலில், வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில்.

"சூப்பர்வைசர் சார், வெங்காயமெல்லாம் ஒழுங்கா வேல பாக்குதா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இங்கே ஒன்றுமில்லை, அடுத்த ரயிலுக்குப் போ என்றார்.

ஊரில் பிரிட்ஜ், இங்கே கிழிந்த பனியன். நான் பங்குக்கு வந்துவிடக் கூடாதென்று நடிக்கிறாரோ? அதே ஓட்டலில் கிளாஸ் கழுவச் சேர்ந்து, வேலை கிடைத்ததென்று மட்டும் வீட்டுக்குச் சொல்லிவிட்டு, வேவு பார்த்தேன். அவர் குளிக்கப் போனபோது பையைத் துழாவினேன். இன்னொரு பனியன் கிடைத்தது. அதுவும் கிழிசல்.

பத்தாம் நாள் முதலாளியிடமே கேட்டேன். ஓணத்துக்கு போனஸ் கேட்ட அத்தானுக்கு, ஓட்டலில் ஓடாமல் கிடந்த பிரிட்ஜைக் கொடுத்து, காய்கறி லாரியில் ஊருக்கு ஏற்றிவிட்டாராம்.

அத்தான் ஒப்புக்கொண்டார். "அம்மா அதுல சேல மடிச்சு வச்சிருக்கால. ஊர்ல சொல்லிராத. தங்கச்சிக்கு மாப்ள பாக்காவ."

மாடு போய்விடுமே என்ற பயத்தில், உள்ளதை அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன்.

"அவன் சொல்லிக் குடுத்தானால? நாங்க வந்துரக் கூடாதுன்னு ரெண்டு பேரும் கூட்டு."

சத்தியம் செய்தேன். என் சத்தியங்களை அவள் நிறையப் பார்த்தவள்.

"மாட்டக் காலைலயே ஓட்டிட்டுப் போய்ட்டாவ. அப்பா சனிக்கெழம வாராவ" என்று போனை வைத்துவிட்டாள்.

முதலாளியிடம் போய் இன்னொரு ஆளுக்கு வேலை கேட்டேன். அப்பாவுக்கு என்ன வயது என்றார். ஐந்து குறைத்துச் சொன்னேன். அவரும் நம்பின மாதிரி தெரியவில்லை.