இருபத்து மூன்று கார்களில் ஒரே இடம்

ஆதிமூலத்தின் அப்பா நூல் மில் தொழிலாளி. மகனுக்கு நூலைவிடச் செப்புக் கம்பிதான் பிடித்தது. நெல்லித்தோப்பில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, கார்களுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்துக் கார்ச் சாவியை நம்பி யாரும் காரைத் தெருவில் விடமுடியாது. தேய்ந்துபோன சாவி ஒன்றை நுழைத்து நாலு தரம் ஆட்டினால் அடுத்தவர் காரும் கிளம்பிவிடும். அதற்கு ஆதிமூலம் ஒரு வழி செய்தார். சாவியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஒயரை நடுவில் வெட்டி, கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்துவிடுவார். அது அணைந்திருந்தால் சாவியைத் திருகத் திருக எஞ்சின் இருமுமே தவிர, பற்றிக்கொள்ளாது. ‘கள்ளச் சுவிட்ச்’ என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. இரண்டு வருடத்தில் இருபத்து மூன்று கார்களுக்கு வைத்தாயிற்று.

எண்பத்து நாலாம் வருடம், ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை. டாக்டர் ஜானகிராமன் சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். காரில் வரவேண்டியவர் ரிக்‌ஷாவில் வந்ததைப் பார்த்ததுமே ஆதிமூலம் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

“கார் போச்சுப்பா. ஆஸ்பத்திரி வாசல்ல, பட்டப்பகல்ல. சுவிட்ச அணைச்சிட்டுத்தான் இறங்கினேன். நல்லா ஞாபகம் இருக்கு.”

“அணைச்சிருந்தா எடுக்க முடியாதே சார்…”

“எடுத்துட்டாங்களே! அது இருக்கற இடம் எனக்கும் உனக்கும் மட்டும்தானே தெரியும்?”

டாக்டர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. அன்று மாலையே போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அதே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார். ஆதிமூலம் மூன்று தடவையும் ஒரே பதிலைச் சொன்னார். “ஊரைவிட்டு எங்கயும் போவக்கூடாது” என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

வீட்டில் மனைவி செல்வாம்பாள் தட்டில் சோறு போட்டு வைத்தாள். ஆதிமூலத்தின் கை சோற்றில் இருந்தது, வாய்க்குப் போகவில்லை.

“நீ எடுக்கல. அப்புறம் இன்னாத்துக்கு பயப்படற?” என்றாள்.

“நான் எடுக்கல. ஆனா என் சுவிட்ச தாண்டி எவனோ எடுத்திருக்கான். எப்படின்னு தெரியலியே செல்வா.”

எப்படி என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. கொட்டகை வாசலில் ஒரு வாத்தியாரின் கார் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கும் தேவதாசுடைய டிரைவர் அரிகிருஷ்ணன் வண்டியை உள்ளே விடமுடியாமல் இறங்கி வந்தான்.

“அண்ணே, நானே இத நவுத்தி வுட்டுடறேன்” என்று வாத்தியார் காரில் ஏறி உட்கார்ந்தான். இடது கை டாஷ்போர்டுக்கு அடியில் தானாகப் போனது. சின்னதாக ஒரு ‘டிக்’. சாவியைத் திருகினான். கார் கிளம்பியது.

ஆதிமூலத்தின் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் கீழே விழுந்தது.

“டேய், இந்தக் கார்ல சுவிட்ச் அங்க இருக்குதுன்னு உனக்கு யார்ரா சொன்னது?”

“யார் சொல்லணும்? எங்க கார்லயும் அங்கதானே வச்சிருக்க?” அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

ஆமாம். ஸ்டியரிங் தண்டுக்கு இடப்பக்கம், கைக்கு எட்டுகிற அதே மூலை. அங்கே துளை போட்டுப் பழகிவிட்டது. ஒயரும் அளவாக வந்தது. முதல் காரில் யோசித்து வைத்த இடத்தில்தான் மற்ற இருபத்திரண்டிலும் யோசிக்காமல் வைத்திருந்தார். ஒரு காரை ஓட்டியவனுக்கு ஊரிலுள்ள அத்தனை காரும் திறந்தே கிடக்கிறது.

இதை வெளியே சொன்னால் தொழில் போகும். சொல்லாவிட்டால் நாளைக்கு இன்னொரு கார் போகும். மத்தியானம்வரை கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்தார். பிறகு இருபத்து மூன்று பெயரையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

இன்ஸ்பெக்டர் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “இத நீயே வந்து சொல்றியே, இன்னும் உன் மேலதான் சந்தேகம் வரும், தெரியுதா?”

“தெரியுது சார். ஆனா வண்டிங்க அப்படியே நிக்குதே.”

அடுத்த ஒன்பது நாளும் வீடு வீடாக ஏறி இறங்கினார். முதலியார்பேட்டை அரிசி ஆலைக்காரர் கேட்டைத் திறக்கவே இல்லை, “திருடனுக்கு வழிய காட்டிட்டு இப்ப பூட்ட வந்துட்டியா?” என்று உள்ளிருந்தே கத்தினார். தேவதாஸ் தலையில் கைவைத்துக்கொண்டு, “மோன் தியே, கடவுளே! நல்ல வேளை இப்பவாவது சொன்ன” என்றார்.

“இந்தத் தடவை நான் இடம் பார்க்க மாட்டேன் முசியே. ஒயர நீளமா வுட்டுடறேன். நீங்களே ஒரு இடம் பார்த்து சுவிட்ச முடுக்கிக்குங்க. எனக்கும் தெரியவேணாம், டிரைவருக்கும் தெரியவேணாம்.”

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். திறந்துவிட்ட இருபத்தோரு வீட்டிலும் அப்படியேதான் செய்தார்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை நடந்துகொண்டிருந்தபோது மாதா கோயில் வாசலில் தேவதாஸ் கார் இருமியது. ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை. பூசைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே இருந்தவன் டாஷ்போர்டுக்கு அடியில் கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். கதவைத் திறந்து ஓடுவதற்குள் பிடித்துவிட்டார்கள். கோவிந்தராசு என்று பெயர். அரிசி ஆலைக் காரை ஒரு வருடம் ஓட்டி, சண்டை போட்டு நின்றவன்.

டாக்டரின் கார் இருக்கும் இடத்தை அவன் வாயாலேயே தெரிந்துகொண்டு, பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பிலிருந்து அதை இழுத்து வந்தார்கள். டயரும் பேட்டரியும் இல்லை. டாக்டர் அதை ஆதிமூலத்தின் கொட்டகைக்கே அனுப்பினார். பின்னாலேயே அவரும் வந்தார்.

“உன்ன அப்படிக் கேட்டிருக்கக் கூடாது ஆதிமூலம்.”

“கேட்டது சரிதான் சார். நான்தான் யோசிக்காம வச்சிட்டேன்.”

ஒயர் வேலை மூன்று நாள் பிடித்தது. முடிந்ததும் டாக்டர், “சுவிட்ச நீயே எங்கயாவது வச்சிடு. எனக்கு உன்மேல நம்பிக்கை இருக்கு” என்றார்.

“வேணாம் சார்.” ஆதிமூலம் சுவிட்சையும் ஸ்குரூ டிரைவரையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, ரோட்டைக் கடந்து எதிர் டீக்கடைக்குப் போனார். காருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு டீ சொன்னார். கார் திருட்டுப்போன நாளிலிருந்து அவர் முழுசாகக் குடித்த முதல் டீ அது.