வேப்பிலைக்குப் பின்னால் கேட்ட இருமல்

முருகனடியார்களே, உங்கள் மைக் செட் ரெங்கராசு எழுதுகிறேன். கொரோனா இரண்டாம் அலை அடித்த அந்தச் சித்திரைக் கடைசியில் என் மனைவி தனலட்சுமிக்குக் காய்ச்சல் கண்டது. அன்று காலை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? செட்டிகுளத்தில் தெருத் தெருவாக ஆட்டோவில் போய், "காய்ச்சலை மறைக்காதீர்கள்" என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்தேன்.

ஊரடங்கில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாம் நின்றுபோன நேரம் அது. ஊர் ஊராக அறிவிப்புச் செய்யும்படி அரசாங்கம் சொல்லியிருந்தது. பஞ்சாயத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். முகக்கவசம் போடுங்கள், கூட்டம் கூடாதீர்கள், காய்ச்சல் முகாமுக்கு வாருங்கள், மூச்சு முட்டினால் உடனே 108ஐ அழையுங்கள். காலையிலிருந்து மாலைவரை இதே பாட்டுதான். நடுநடுவே என் சொந்தச் சரக்கும் உண்டு.

அந்தச் சரக்கில் ஒன்றை நீங்களும் கேட்டிருப்பீர்கள். முதல் அலையில் தெற்குத் தெருவில் ஒரு குடும்பத்துக்கு நோய் வந்து, தெரு முனையில் தகரம் அடித்து அடைத்தார்கள். நான் ஆட்டோவைச் சரியாக அங்கே நிறுத்தி, "தெற்குத் தெருவுக்குப் போறவங்க, திரும்பி வர்றதுக்கும் சேத்து டிக்கெட் வாங்கிக்குங்க" என்றேன். கடைத்தெருவே சிரித்தது. தகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்களா என்று நான் போய்க் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர்கூட யாரும் கொண்டுபோய் வைக்கவில்லை. நானும்தான் வைக்கவில்லை.

ஆகவே தனத்துக்கு உடம்பு கொதித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது மருந்தல்ல, தகரம். என் வாசலில் அடிக்கப்போகும் தகரம். ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கப்போகும் சிரிப்பு. ஊரைச் சிரிக்க வைக்கிறவனுக்கு ஊர் தன்னைப் பார்த்துச் சிரிப்பதைவிடப் பெரிய பயம் கிடையாது.

அப்போது வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவுக்கு வருகிறவர் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் மலர்க்கொடி. நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் கருவி, விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் மெஷின், ஒரு நோட்டு. தினமும் வாசலில் வந்து நிற்பார். அவரை எப்படித் தடுப்பது? யோசித்தேன். மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.

பக்கத்து மரத்தில் ரெண்டு கொத்து வேப்பிலை ஒடித்து வந்து நிலைப்படியில் செருகினேன். வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நம் ஊரில் வேப்பிலை செருகிய வீட்டுக்குள் யாரும் கால் வைக்க மாட்டார்கள். மருந்து மாத்திரைப் பேச்சே எடுக்க மாட்டார்கள். ஆத்தா வந்திருக்கிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

தனம் படுத்த இடத்திலிருந்து சொன்னாள்: "ஏங்க, ஆத்தா பேருல பொய் சொல்லாதீங்க. தாங்காது."

"மூணு நாளு. காய்ச்சல் எறங்கிடும். எறங்குனதும் ஆத்தாவுக்குப் பொங்கல் வச்சிடுவோம்."

தெய்வத்திடமே தவணை கேட்ட ஆள் நான்.

மலர்க்கொடி வந்தார். வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ரெண்டடி பின்னால் நகர்ந்தார்.

"ஆத்தாவா அண்ணே? எப்பலேருந்து?"

"நேத்துலேருந்தும்மா. மொகத்துல முத்துப் போட்டிருக்கு."

"தாளிச்சிடாதீங்க. எளநி குடுங்க." நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

எதிர்வீட்டு அம்மாள் கூழும் மோரும் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். என் பொய்க்குப் படையலே வந்தது. தனத்தால் அதைக் குடிக்க முடியவில்லை. அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாதாகையால் ஐந்து நாளும் நான் அந்தக் கூழையே குடித்தேன். வேஷத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. வெளியே போய், "அரசாங்கம் உங்களுக்காகத்தான் இவ்வளவும் செய்கிறது, உண்மையைச் சொல்லுங்கள்" என்று முழங்கிவிட்டு வருவேன். உள்ளே அவள் இருமுவாள். இருமல் தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று நான் டிவியைச் சத்தமாக வைப்பேன்.

ஐந்தாம் நாள் மதியம் சாப்பாட்டுக்கு வந்தேன். அக்கினி நட்சத்திர வெயில். தனம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுக்க முடியவில்லை. உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. "தண்ணி" என்ற ஒரு சொல்லை ரெண்டு மூச்சில் சொன்னாள்.

கையில் போன் இருந்தது. 108 என்ற எண்ணை இந்தத் தாலுகாவிலேயே அதிக தடவை கத்தியவன் நான். எனக்கு அந்த மூன்று எண்களை அமுக்கக் கை வரவில்லை. நம்புங்கள், அப்போதும் தகரம்தான் கண்ணில் நின்றது. போனைப் போட்டுவிட்டு மலையடிவாரத்துக்கு ஓடினேன். சாகக் கிடக்கிறவளைத் தனியே விட்டுவிட்டு ஓடிய புருஷன், வேறு யாருமில்லை, நான்தான்.

கோயிலும் அரசு உத்தரவில் பூட்டிக் கிடந்தது. இரும்புக் கதவு சுட்டது. அதைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டேன். உள்ளங்கை பொத்துப்போனது பிறகுதான் தெரிந்தது. மேலே மலைக்கோயிலில் கையில் கரும்போடு நிற்கிறானே எங்கள் ஊர் முருகன், அவனிடம் சொன்னேன்: "முருகா, நான் ஒரு கோழை. என்னால முடியல. என் வூட்டுக்கு யாரையாவது அனுப்பு. யாரா இருந்தாலும் சரி."

கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். யாராக இருந்தாலும் சரி என்றேன்.

திரும்பி ஓடி வந்தபோது வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே மலர்க்கொடி. தனத்தைக் குப்புறத் திருப்பித் தன் மடியில் சாய்த்து, முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். தனம் அவர் சேலையில் வாந்தி எடுத்திருந்தாள். அவருடைய முகக்கவசம் நனைந்து கழுத்தில் தொங்கியது. விரலில் மாட்டிய மெஷினில் எழுபத்தெட்டு என்று காட்டியது.

"அம்மை போட்டவ இப்புடி இருமுவாளா அண்ணே?" என்றார். "ரெண்டு நாளா வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் போனேன். ஆத்தாவுக்குப் பயந்துகிட்டுப் போனேன். இன்னிக்கு நீங்க வேட்டி அவுறுறது தெரியாம ஓடுறதப் பாத்தேன். ஆத்தா கோவிச்சிக்கிட்டாலும் பரவால்லன்னு உள்ள வந்துட்டேன்."

நான் அழுதேன்.

"அப்பறம் அழுவலாம். காலப் புடிங்க. ஊருக்கெல்லாம் மைக்குல புத்தி சொல்ற வாயி, வூட்டுல மட்டும் வேப்பெலையத் தின்னுச்சா?"

108ஐ அவர்தான் அழைத்தார். வண்டி வந்தது. பெரம்பலூர் பெரியாஸ்பத்திரி வாசலில் எங்களுக்கு முன்னால் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. உள்ளே படுக்கை நிரம்பியிருந்தது. டாக்டர்களும் நர்சுகளும் வண்டிக்கு வண்டி ஓடி வந்து பார்த்தார்கள். வண்டியிலேயே ஆக்சிஜன் ஏறியது. டிரைவர் சிலிண்டரின் முள்ளைப் பார்த்து, "கீழ வருது சார், சாமிய வேண்டிக்குங்க" என்றார். வேண்டினேன். ஒரு படுக்கை கொடு முருகா, ஒரே ஒரு படுக்கை. கொஞ்ச நேரத்தில் வார்டிலிருந்து ஒரு உடலைப் பையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அதன் பின்னாலேயே ஒரு நர்ஸ் வந்து எங்களைக் கூப்பிட்டார். அந்தப் பையோடு வந்த பெண் எங்கள் வண்டியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. நான் அவளைப் பார்க்காமல் ஸ்ட்ரெச்சரைத் தள்ளினேன். என் வேண்டுதல் பலித்த நேரம் அது.

எனக்கும் நோய் இருந்தது. ஒரு கல்லூரியில் அமைத்த கொரோனா முகாமுக்கு அனுப்பினார்கள். வேளாவேளைக்குச் சோறு, முட்டை, கபசுரக் குடிநீர். நான் அங்கேயும் ஜோக்கடித்துக்கொண்டிருந்தேன். தனத்துக்கு மூச்சு தேறுகிறது என்று போன் வந்த அன்று எல்லோருக்கும் என் பங்குக் கடலை மிட்டாயைக் கொடுத்தேன். மறுநாள் அடுத்த போன் வந்தது. மலர்க்கொடிக்கு நோய் வந்து, திருச்சிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்; அங்கே இறந்துவிட்டார்.

நம் ஊரில் சாவு விழுந்தால் சேதி சொல்வது என் மைக்தான். அவர் சாவுக்கு யாரும் சேதி சொல்லவில்லை. கவச உடை போட்ட நாலு பேர் குழியில் இறக்கினார்களாம். அந்த நேரம் நான் முகாமில் முட்டை தின்றுகொண்டிருந்தேன்.

தனம் பத்தொன்பது நாள் கழித்து வீடு வந்தாள். மலர்க்கொடியின் கணவர் சேகர் எறையூர் ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டுகிறவர். அவரைப் போய்ப் பார்க்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. வாசலில் நின்று, "தம்பி, எங்க வூட்டுல போட்டிருந்தது அம்மை இல்ல" என்றேன்.

"தெரியும்ணே. அன்னிக்கே வந்து சொல்லிட்டா. 'மைக் அண்ணன் எப்புடி நடிச்சிருக்காரு பாருங்க'ன்னு சிரிச்சா. 'யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, பாவம், ஊரு அவரக் கேலி பண்ணும்'னா."

அவரே தொடர்ந்தார்:

"அவ அன்னிக்கு எத்தனையோ வூட்டுக்குப் போனா. உங்க வூட்டால வந்துச்சா, வேற வூட்டாலயான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாதுல்லன்னு மட்டும் ஆறுதலா இருந்துடாதீங்க." இவ்வளவுதான் சொன்னார். உட்காரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து தனத்திடம், "முருகனே மலர்க்கொடி ரூபத்துல வந்தான்" என்று தொடங்கினேன். அவள் என்னை முடிக்க விடவில்லை.

"அப்புடிச் சொல்லாதீங்க. மலரு மலராத்தான் வந்தா. முருகனுக்குக் கொரோனா வராது."

அன்றிலிருந்து நான் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் அவன் அனுப்பினான் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. கதவைப் பிடித்துக் கேட்டேன், அனுப்பினான். கூப்பிட்ட குரலுக்கு அவன் செவி கொடுத்தான் என்பதற்கு என் வீட்டுக்குள் நடமாடும் தனமே போதும். தடுப்பூசி முகாம் வந்தபோது ஊர் ஊராக மைக்கில் இந்தக் கதையைத்தான் சொன்னேன், என் பெயரோடு. தெற்குத் தெருவுக்கும் போய் அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அது அவர்கள் உரிமை.

நம்பிக் கேளுங்கள், அடியார்களே. எந்த நிலையிலும் கேளுங்கள். என்னைப் போன்ற புளுகனுக்கே கொடுத்தவன் உங்களுக்கு இல்லையென்றா சொல்வான்? ஆனால் உண்மையைச் சொல்லிக் கேளுங்கள். போனை எடுக்க முடிந்தால் எடுத்துவிட்டுக் கேளுங்கள். அவன் அனுப்பும் கைக்கும் ஒரு வீடும் பிள்ளையும் இருக்கும்.

ஒவ்வொரு கிருத்திகைக்கும் தனமும் நானும் மலையேறுகிறோம். அவளுக்கு இன்னும் முழு மூச்சு இல்லை. இருபது படிக்கு ஒரு தரம் உட்காருவாள். நானும் உட்காருவேன். சன்னதியில் குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்பார். எங்கள் பெயரை நாங்கள் சொல்வதில்லை. மலர்க்கொடியின் மகள் ஆறாவது படிக்கிறாள். அவளுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் தனம் சொல்வாள்.