குதிரில் வைத்த துப்பாக்கி

எனக்குச் சளி பிடித்தால் அம்மா பார்த்துக்கொள்வாள். துப்பாக்கிக்குத் துரு பிடிக்காமல் அப்பா பார்த்துக்கொள்வார். எங்கள் வீட்டில் மழைக்கால வேலைப் பங்கீடு அப்படி. கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளியைத் தோண்ட வரும் காட்டுப்பன்றிகளுக்காக லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. சுட்ட கையோடு குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவுவார். வெடிமருந்துக் கரி தங்கினால் ஈரத்தை இழுக்குமாம். பிறகு துணி சுற்றிய கம்பியால் துடைத்து, எண்ணெய் தடவுவார். அடைமழை பிடித்துவிட்டால் சாக்கில் சுற்றி, நெல் கொட்டி வைக்கும் மண் குதிருக்குள் புதைத்துவிடுவார். காய்ந்த நெல் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

அந்த ஐப்பசியில் துப்பாக்கி குதிருக்குள் போன பிறகும் மழை விடவே இல்லை. அப்பாவும் ஓரிடத்தில் உட்காரவில்லை. அவருக்கும் சித்தப்பாவுக்கும் வரப்புத் தகராறு. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

"மழ உடட்டும். வரப்புல மம்முட்டி வெக்கட்டும். சுட்டுப் போட்டுட்டுதான் மறுவேல."

"கூடப் பொறந்தவருங்க அவரு," என்றாள் அம்மா.

"நீ இன்னாடி எனக்குப் புத்தி சொல்றது?"

சித்தப்பா வீட்டுக்கு விளையாடப் போகக் கூடாது என்று எனக்கும் தடை. இருப்புக் கொள்ளாமல் அம்மா பின்னாலேயே அலைந்தேன்.

மறுநாள் அப்பா சங்கராபுரம் போயிருந்தார். மழைக்கு பயந்து அவசரமாக அறுத்த நெல் வீட்டுக்குள் பரப்பிக் கிடந்தது. அம்மா அதைக் கூடை கூடையாக அள்ளிக் குதிரில் கொட்டினாள்.

"ஈரமா இருக்குதும்மா. மொளச்சிப் பூடும்."

"சும்மா கெட. வூட்டுல எடம் இல்ல."

ஈர நெல்லைக் குதிரில் சேர்க்கக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்ததே அவள்தான்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மழை விட்ட அன்று காலையில் சித்தப்பா மண்வெட்டியோடு வரப்பில் நின்றார். அப்பா ஓடிவந்து குதிருக்குள் கையை விட்டார். உள்ளே நெல் சூடேறி, முளைவிட்டு, அடையடையாகச் சாக்கைக் கவ்வியிருந்தது. பிய்த்து எடுத்தார். குழல் முழுக்கச் செந்துரு. விசை அசையவே இல்லை. வீசி எறிந்துவிட்டு வெறுங்கையோடு ஓடினார். அண்ணனும் தம்பியும் சேற்றில் கட்டிப் புரண்டார்கள். ஊரார் பிரித்துவிட்டபோது சித்தப்பாவுக்கு ஒரு பல் போயிருந்தது, அப்பாவுக்குச் சட்டை கிழிந்திருந்தது. அவ்வளவுதான்.

திரும்பி வந்த அப்பா, "ஈர நெல்ல கொட்டுவாளா ஒருத்தி?" என்று அம்மாவைத் திட்டித் தீர்த்தார். ஒரு கைப்பிடி நெல் சிந்தினாலும் என் தலையில் குட்டுகிறவள், வருஷச் சாப்பாடு பாழானதற்குக் கண் கலங்கக்கூட இல்லை. முளைத்த நெல்லை மாட்டுக்கு அள்ளிப் போட்டபடி, "ஆமாங்க, எனக்குப் புத்தி கம்மிதான்," என்றாள்.

எனக்கும் அப்பா சொல்வதுதான் சரியென்று பட்டது. எனக்குச் சொல்லித் தந்ததையே மறந்துபோன அம்மாவை நினைத்து அன்று வெட்கமாகக்கூட இருந்தது.